றுமானாவும் செவ்வாய்க்கிழமைக் கதிரையும்

“நேற்றுக் கதிரையில இருந்தது எத்தனை மணிக்கு, சேர்?”

தேநீர் என் வாய்க்குள் இருக்கிறது. விழுங்கி முடிக்கும்வரை றுமானா நிற்கிறார். அவசரப்படுத்துகிற வழக்கம் அவரிடம் இல்லை. விட்டுவிட்டுப் போகிற வழக்கமும் இல்லை.

“ஒன்பதரை இருக்கும்.”

“இருக்கும் எண்டால்? மணிக்கூடு பார்த்தனீங்களோ, இல்லாட்டி நினைச்சுச் சொல்லுறியளோ?”

“பாலன் கணினி அறையைத் திறக்கேக்க ஒன்பதரை. நான் போய் இருக்க ஒன்பது முப்பத்தைஞ்சு.”

“அதை எழுதலாம்.” எழுதுகிறார். “முதல் பக்கம் திறந்தது?”

“ஒன்பது ஐம்பத்திரண்டு.”

“இடையில பதினேழு நிமிசம் என்ன செய்தனீங்கள்?”

“திரையில ஒரு மணல் மணிக்கூடு நிக்குமே, அதைப் பார்த்துக்கொண்டு இருந்தனான் பிள்ளை.”

நான் பகிடிக்குத்தான் சொன்னேன். அவர் சிரிக்காமல் அதையும் எழுதிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார்.

வாரத்தில் நான்கு காலைகள் எங்கள் ஆசிரியர் அறையில் இப்படித்தான் தொடங்குகின்றன. வவுனியாவிலுள்ள சிறியதோர் உயர்கல்வி நிலையம் எங்களுடையது. நாற்பத்தொரு பேர் படிப்பிக்கிறோம். மூன்று வருடங்களுக்கு முன் பன்னிரண்டு கணினிகளும் அவற்றோடு இணையவழிப் படிப்பும் வந்து சேர்ந்தன. அதனால் மாணவர்களுக்கு என்ன நடந்தது என்று அளக்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள். ஆசிரியர்களுக்கு என்ன நடந்தது என்று அளக்கத்தான் கொழும்புப் பேராசிரியர் ஒருவரின் ஆராய்ச்சி உதவியாளராக றுமானா வந்தார். காணி அளக்க ஆள் வந்தால் வேலிச் சண்டை வரும் என்பது எங்களுக்குத் தெரியும். நேரம் அளக்க ஆள் வந்தால் என்ன வரும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஆகவே எல்லோரும் மரியாதையாகவும் எட்டவும் நின்றுகொண்டோம்.

வயது முப்பத்துமூன்று. குள்ளம், விறுவிறு நடை, எப்போதும் ஏதோ ஒரு வெளிர் நிறத்தில் முக்காடு. கையில் தாள் செருகிய அட்டை. அதில் ஒரு பேனையைச் சணல் கயிற்றால் கட்டி வைத்திருக்கிறார். ஏன் என்று கேட்டேன். “பேனை களவெடுக்கிறதில படிச்ச ஆக்களை வெல்ல ஏலாது சேர். வந்த முதல் மாசம் பதினொண்டு துலைச்சனான்.” அதில் இரண்டு என் மேசை லாச்சிக்குள் கிடந்தன.

எங்கள் அறையில் அவர் தேநீர் குடிப்பதில்லை. நோன்பு என்று நினைத்து நாங்களும் வற்புறுத்தவில்லை. நோன்பு முடிந்து, பெருநாளும் முடிந்து, மாரியும் வந்த பிறகுதான் வணிகவியல் படிப்பிக்கிறவர் ஒருவர் மெல்லக் கேட்டார். “உங்கட தேத்தண்ணியைக் குடிச்சால் உங்களைப் பற்றி நல்லதா எழுதச் சொல்லும் மனம்” என்றார் றுமானா. பெருநாளுக்கு வட்டிலப்பம் கொண்டுவந்து எல்லோருக்கும் தந்தார் என்பது உண்மை. அதையும் அந்த மாதத்துத் தாள்கள் எல்லாவற்றையும் கையில் வாங்கி எண்ணிய பிறகே பெட்டியைத் திறந்தார்.

பட்டாணிச்சூரில் உம்மாவோடு இருக்கிறார். அங்கிருந்து வருகிற பஸ் எந்தெந்த நாளில் எத்தனை நிமிடம் பிந்துகிறது என்று ஒரு சின்னக் கொப்பியில் குறித்து வைத்திருக்கிறார். எந்தச் சோதனைச் சாவடியில் இறக்கி ஏற்ற எவ்வளவு நேரம் என்பதும் அதில் இருந்ததாம். ஒருநாள் ஒரு சிப்பாய் அந்தக் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு இதென்ன என்று கேட்டிருக்கிறான். பஸ் பிந்துகிற கணக்கு என்று இவருக்குத் தெரிந்த சிங்களத்தில் சொல்லியிருக்கிறார். அவனும் அந்தப் பஸ்ஸில் லீவுக்குப் போகிறவன் போலும். “ஐயோ, உண்மைதான்” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தானாம். வீட்டுக்கு வந்ததும் உம்மா அந்தச் சாவடிப் பக்கங்களைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டார். இப்போது பிந்துகிற நிமிடங்கள் மட்டும்தான் மிச்சம்.

இந்த வருடம் தை மாதம் அவர் எங்களிடம் முதலில் கொண்டுவந்தது கொழும்பில் தயாரித்த வினாக்கொத்து. முப்பது கூற்றுகள். ‘இணையவழிக் கற்பித்தல் எனது வேலைப்பளுவை அதிகரித்துள்ளது.’ ‘இணையவழிக் கற்பித்தல் எனக்குத் தொழில்சார் திருப்தியைத் தருகிறது.’ இப்படியே போகும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்து பெட்டிகள். இடது ஓரத்தில் ‘முற்றாக உடன்படுகிறேன்’, வலது ஓரத்தில் ‘முற்றாக மறுக்கிறேன்’, நடுவில் ‘கருத்தில்லை’. ஏதாவது ஒன்றில் புள்ளடி போடவேண்டும்.

நாற்பத்தொரு தாள்களும் மூன்றே நாளில் திரும்பி வந்தன. வாங்கியபோது றுமானாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிறகு அவற்றை நீள மேசையில் வரிசையாகப் பரப்பி வைத்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். நாற்பது தாள்களில், ஆயிரத்து இருநூறு புள்ளடிகளும் நடுப்பெட்டியில். மேலிருந்து கீழே ஒரே நேர்கோடு. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பார்கள். நாங்கள் நாற்பது பேர் ஒருவரையொருவர் கேட்காமலே திரண்டிருந்தோம். மற்ற ஒருவர் கொழும்பிலிருந்து புதிதாக வந்தவர். அவர் பாவம், மனதில் பட்டதையெல்லாம் போட்டிருந்தார்.

நானும் நடுவில்தான் போட்டேன். இத்தனைக்கும் அந்த அறையில் என்னைவிடக் கூடுதலாகப் புலம்பியவர் எவருமில்லை. பொருளியல் குறிப்பு நாற்பது பக்கத்தை இரண்டு வாரம் மெனக்கெட்டு ஒற்றை விரலால் தட்டச்சு செய்து ஏற்றினேன். ஏறியதும் என் தமிழ் எழுத்து அவ்வளவும் ஆங்கில எழுத்துகளின் குப்பையாகக் கிடந்தது. எழுத்துரு பிழையாம். அன்று நான் பேசிய பேச்சு கன்ரீன் வரைக்கும் கேட்டது. ஆனால் ‘இணையவழிக் கற்பித்தல் எனக்கு மன அழுத்தத்தைத் தருகிறது’ என்ற கூற்றைக் கண்டதும் என் கை தானாகவே நடுவுக்குப் போய்விட்டது. வாயால் சொன்னது காற்றோடு போகும். புள்ளடி கோப்புக்குள் போகும். அந்தக் கோப்பு எங்கே போகும், யார் கையில் திறபடும், அன்றைக்கு நாடு எந்தப் பக்கம் இருக்கும், இதெல்லாம் எங்களில் யாருக்குத் தெரியும்? எத்தனை விதமான ஆட்கள், எத்தனை விதமான படிவங்களோடு இந்த ஊருக்கு வந்து போயிருக்கிறார்கள். மௌனம் கலகநாஸ்தி என்பதை நாங்கள் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை, படிவங்களில் படித்தோம்.

கொழும்புப் பேராசிரியருக்கு முடிவு பிடித்துவிட்டது. “சராசரி மூன்றுதான். ஆசிரியர்களில் எந்தத் தாக்கமும் இல்லை. எழுதி அனுப்புங்கள்” என்று தொலைபேசியில் சொன்னார். அந்த அறிக்கையை வைத்துத்தான் கணினி அறையின் நேரசூசியை மாற்றப்போகிறார்கள் என்பதையும் சொன்னார். பன்னிரண்டு கணினிகளுக்கு நாற்பத்தொரு பேர். குறைந்த நேரத்தில் கூடுதலாகப் பாடம் ஏற்றுகிறவருக்குக் கதிரை. மற்றவர் எழும்ப வேண்டியதுதான்.

றுமானா அனுப்பவில்லை. மூன்று நாள் யோசித்துவிட்டு என் மேசைக்கு வந்தார். அன்றுதான் முதல் தடவையாக என் முன்னால் கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.

“உங்களிட்ட ஒரு கதை சொல்லவேணும் சேர். தொண்ணூறில முஸ்லிம் ஆக்கள் எங்களை எல்லாம் முல்லைத்தீவில இருந்து போகச் சொன்ன நேரம் எனக்குப் பதினைஞ்சு வயசு. புத்தளத்தில முகாம். படிச்சதெல்லாம் அங்கதான். ரெண்டாயிரத்து ரெண்டில சமாதானம் எண்டு சொல்லி ஒரு நிறுவனம் படிவம் கொண்டு வந்தது. ‘சொந்த இடத்துக்குத் திரும்ப விருப்பமா?’ மூண்டு பெட்டி. ஓம், இல்லை, தீர்மானிக்கவில்லை. எங்கட வரிசையில எழுதப் படிச்ச ஆள் எண்டு எல்லாருக்கும் நான்தான் நிரப்பினனான். வாப்பா சொன்னார், ‘நடுவில போடு மகள். ஓம் எண்டால் இஞ்ச உள்ள ஆக்கள் கோவிப்பினம், இல்லை எண்டால் அங்க காணி போயிரும்.’ போட்டன். எங்கட வரிசை முழுக்க நடுவில போட்டன்.”

கையிலிருந்த அட்டையை என் மேசையில் வைத்தார்.

“அடுத்த வருசம் திரும்பிப் போறவைக்குக் கூரைத்தகடு குடுத்தவை. எங்கட பேர் இல்லை. போய்க் கேட்டால், விருப்பம் இல்லாத ஆக்கள் எண்டு லிஸ்டில கிடக்கு. வாப்பா ஒவ்வொரு நாளும் தண்ணீரூற்றில எங்கட வீட்டுக் கிணத்தைப் பற்றித்தான் கதைக்கிறவர் சேர். ரெண்டாயிரத்து அஞ்சில மௌத்தாகிட்டார். விருப்பம் இல்லாத ஆளாத்தான் மௌத்தானவர்.”

எனக்கு வெட்கமாக இருந்தது என்பதை மட்டும் சொல்லவேண்டும்.

“நடுப்பெட்டி வெறும் பெட்டி இல்லை. அதை ஆரோ ஒராள் தனக்கு வசதியா வாசிப்பார். இந்தமுறை என்ர கையால அது வேண்டாம்.”

பேராசிரியரிடம் ஆறு மாத அவகாசம் கேட்டு வாங்கினார். பழைய வினாக்கொத்தைத் தூக்கி வைத்துவிட்டுப் புதிதாக ஒரு தாள் தயாரித்தார். அதில் கூற்றும் இல்லை, பெயரும் இல்லை, ஓர் இலக்கம் மட்டும். நாள் முழுவதும் அரைமணி அரைமணியாகப் பிரித்திருந்தது. எதிரே நான்கு நிரல்கள்: பாடம் ஏற்றல், பதில் எழுதல், புள்ளியிடல், வேறு. “செய்ததை மட்டும் சொல்லுங்கோ. நினைச்சதை வீட்ட வைச்சிட்டு வாங்கோ” என்றார். இது எங்களுக்கு வசதியாக இருந்தது. கருத்துச் சொல்லப் பயந்த நாற்பது வாய்களும் நேற்று என்ன செய்தோம் என்று சொல்லத் தொடங்கியதும் நிற்கவேயில்லை. ஒருவர் பாடத்தை இணையத்தில் ஏற்றிவிட்டு, அதையே கடதாசியில் எடுத்து, அனுமதியோடு ஓமந்தைச் சாவடி தாண்டிப் போகிறவர்களிடம் கொடுத்து அனுப்புகிறாராம். ‘பாடக்குறிப்பு எண்டால் புரட்டிப் பார்த்திட்டு விடுவினம்’ என்றார். இன்னொருவர் கணினியைத் தொடுவதே இல்லை. மகள்தான் வீட்டிலிருந்து எல்லாம் செய்கிறாள். றுமானா கண்ணை உயர்த்தாமல், குற்றம் சொல்லாமல், நிமிடம் கேட்டு எழுதினார்.

சொன்னதை மட்டும் நம்புகிறவர் அல்ல அவர். கணினி அறையில் ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் ஒருநாளாவது இருந்து பார்த்தார். அப்படித்தான் ஒரு செவ்வாய்க்கிழமை பதினேழாம் இலக்கத்துக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

பதினேழாம் இலக்கம் அன்னபாக்கியம் மிஸ். வயது ஐம்பத்தேழு. கிராமப் பள்ளிகளில் படிப்பிக்கிற இளம் ஆசிரியர்களுக்கான டிப்ளோமாவில் கல்வி உளவியல் எடுக்கிறார். எழுபத்தேழில் தேயிலைத் தோட்டத்திலிருந்து கனகராயன்குளத்துக்கு வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். அந்தக் குடும்பத்திலிருந்து முதன்முதலில் பட்டம் பெற்றவர். எங்களோடு பேசும்போது எங்களைப் போலவே பேசுவார். மனம் அசைந்தால் மட்டும் மலைநாட்டுத் தமிழ் வந்துவிடும். செவ்வாய் பத்திலிருந்து பன்னிரண்டு வரை ஏழாம் கணினிக் கதிரை அவருக்கு.

அன்று அந்த இரண்டு மணித்தியாலத்தில் அவர் மூன்று வரி எழுதினார். மற்ற நேரமெல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு நிமிடத்துக்கு ஒருதரம் மேல்வரிசைப் பொத்தான் ஒன்றை அழுத்துவார். பக்கம் அழிந்து திரும்ப வரும். மறுபடி பார்ப்பார். மடியில் ஒரு வரவு இடாப்பு, சிவப்பு, நீலப் பேனைகளோடு. பதினொரு மணி ஆறு நிமிடத்துக்குத் திரையின் ஓரத்தில் ‘ரஜிதா’ என்ற பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் பொட்டு வந்தது. அன்னபாக்கியம் மிஸ் எழுந்து நின்று சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். “வாங்க புள்ள” என்று திரைக்குச் சொன்னார். இடாப்பில் நீலத்தால் கோடு போட்டார். பிறகு இருந்து, வணக்கம் என்று தட்டினார்.

கணினி அறைப் பொறுப்பாளர் பாலன் ஓய்வுக்குக் கிட்டியவர். சிரிக்கச் சந்தர்ப்பம் கிடைத்தால் விடமாட்டார். “மிஸ், அந்தப் பிள்ளை பாடத்தை எடுத்து வாசிக்கும். நீங்கள் எழும்பிப் போனாலும் அது வாசிக்கும்தானே?” என்றார்.

“புள்ள வகுப்புல இருக்கையில நான் எப்புடி எந்திரிச்சுப் போறது?” என்றார் அன்னபாக்கியம் மிஸ்.

“அவாவுக்கு நீங்கள் இருக்கிறது தெரியாது மிஸ்.”

“தெரியுமே. எனக்கு அவட பொட்டுத் தெரிஞ்சா, அவளுக்கு என்ட பொட்டுத் தெரியாதா?”

மிஸ் சொன்னது சரி. அங்கேயும் தெரியும். நாலு நிமிடத்துக்கு ஒருதரம் பொத்தானை அழுத்தாவிட்டால் அந்தப் பொட்டு அணைந்துவிடும். அதனால்தான் அழுத்துகிறார்.

ரஜிதா சாவடிக்கு அப்பால், உடையார்கட்டில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற தொண்டர் ஆசிரியை. வகுப்பிலுள்ள மற்ற எட்டுப் பேரும் சனிக்கிழமைகளில் நேரே வருவார்கள். ரஜிதாவுக்குப் பாதை மூடி இரண்டு வருடமாகிவிட்டது. கிளிநொச்சியில் செய்மதி லைன் உள்ள ஒரு கணினி நிலையத்துக்குச் செவ்வாய்க்கிழமைகளில் சைக்கிளில் வருவாள். எத்தனை மணிக்கு வந்து சேருவாள் என்று அவளுக்கே தெரியாது. லைன் இருக்குமா என்பதும் தெரியாது. ஆகவே மிஸ் இரண்டு மணித்தியாலமும் இருக்கிறார். கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போகலாமே என்று நான் ஒருமுறை புத்தி சொல்லப் போனேன். “அவ்வளவு தூரம் சைக்கிள் மிரிச்சு வாற பிள்ளை. வந்து பார்க்க வகுப்பில ரீச்சர் இல்லையெண்டால் அது வகுப்பே, சேர்?” என்று கேட்டார்.

அன்று றுமானா தன் தாளோடு தடுமாறிப் போனார். மூன்று வரிக்கு ஆறு நிமிடம், ‘பதில் எழுதல்’. மிச்சம் நூற்றுப் பதினான்கு நிமிடம். ‘வேறு’ என்ற நிரலுக்கு மேலே பேனை நின்றது, இறங்கவில்லை.

“ ‘வேறு’ எண்டு போட்டால் ஒண்டும் செய்யேல்லை எண்டு வாசிப்பினம்” என்று தனக்குள்ளே சொன்னார். பிறகு அடிமட்டம் எடுத்து, தாளின் ஓரத்தில் கோடு கீறி, தலைப்பில் ‘காத்திருத்தல்’ என்று எழுதினார். அன்று பின்னேரம் மிச்ச நாற்பது பேரின் தாள்களிலும் கையாலேயே கோடு கீறினார். அச்சடித்த தாளைத் திருத்துகிற ஆளில்லை அவர். கேட்டேன். “அளவுகோல் கட்டையா இருந்தால் துணியை வெட்டுறதோ, சேர்?” என்றார்.

நாங்களும் நிரப்பினோம். முதலில் கேலியாக, பிறகு உண்மையாக. மின்சாரத்துக்குக் காத்திருந்தது, பக்கம் திறக்கக் காத்திருந்தது. இவை கூடுதலாக இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆவணியில் றுமானா கூட்டிப் பார்த்தபோது ஒருவருக்கு மாதத்தில் ஏழு மணித்தியாலம் இருபது நிமிடம் காத்திருத்தல் வந்தது. அதில் பெரும்பங்கு லைனுக்கும் அல்ல, மின்சாரத்துக்கும் அல்ல. பிள்ளைகளுக்கு. மல்லாவியில் எனக்கொரு மாணவன் இருக்கிறான். வியாழக்கிழமைகளில் அவனுடைய பொட்டு வருகிறதா என்று நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பதை, தாளில் என் கையால் எழுதிய பிறகுதான் நானே அறிந்தேன். மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே புத்தகத்தை மூடி இருபத்தைந்து வருடம் சம்பாதித்தவன் நான். இணையவழிப் படிப்பு என்னை என்ன செய்தது என்று கேட்டால் இதைத்தான் செய்தது. நடுப்பெட்டியில் இதற்கு இடமில்லை.

செப்டெம்பர் முதற் செவ்வாய், ரஜிதாவின் பொட்டு பதினொன்றே முக்காலுக்குத்தான் வந்தது. பாடம் ஒன்றும் கேட்கவில்லை. ‘மிஸ், ஷெல் சத்தம் கிட்டக் கேக்குது, சனம் எல்லாம் வெளிக்கிடுது. இந்த நிலையத்தையும் கழட்டப் போயினம் போல. எங்க லைன் கிடைச்சாலும் செவ்வாய்க்கிழமை பார்த்து வருவன். நீங்கள் இருப்பீங்களோ?’ என்று எழுதினாள். அன்னபாக்கியம் மிஸ் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி ‘இருப்பன்’ என்று தட்டினார். பக்கத்தில் தாளோடு இருந்த றுமானா அன்றைக்கு நிமிடம் எழுத மறந்துவிட்டார். அந்த ஒரு பெட்டி இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.

அந்த மாதம் மூன்றாம் வாரம் பேராசிரியர் ரயிலில் வந்தார். கெட்ட மனிதர் அல்ல. எங்கள் வெக்கையில் வியர்த்து ஒழுகி, மூன்று இளநீர் குடித்து, எல்லோரோடும் அன்பாகப் பேசினார். றுமானாவின் அறிக்கையை முழுவதும் வாசித்திருந்தார். எங்கள் எல்லோர் முன்னிலையிலும் பாராட்டினார். பிறகு ஒரு பக்கத்தில் விரலை வைத்தார்.

“இந்தக் காத்திருத்தல். இது ஒரு செயற்பாடு இல்லை, றுமானா. செயற்பாடு இல்லாத நேரம். உலகத்தில் எங்கும் இப்படி ஒரு நிரல் வைத்து அளந்ததாக நான் காணவில்லை. ‘வேறு’ என்பதற்குள் சேர்த்துவிடுங்கள்.”

“சேர்த்தால் பதினேழாம் இலக்கத்தின்ர கதிரை போயிரும், சேர்.”

“அது நிர்வாகம் பார்க்கவேண்டிய விஷயம். எங்கள் வேலை அளப்பது மட்டும்.”

“ஓம் சேர். அளந்ததைத்தான் எழுதியிருக்கிறன்.”

“நீங்கள் நிரந்தரமாவதும் இந்த அறிக்கையோடு இருக்கிறது. யோசித்துக்கொள்ளுங்கள்.” மிரட்டலாக அல்ல, அக்கறையாகத்தான் சொன்னார். அதுதான் கேட்க இன்னும் கஷ்டமாக இருந்தது.

“யோசிச்சுத்தான் கோடு கீறினனான்” என்றார் றுமானா. விரல் வைத்த பக்கத்தைத் தன் பக்கம் இழுத்து, மூடி, நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். அன்னபாக்கியம் மிஸ் பின்வரிசையில் இருந்தார். தன்னைப் பற்றித்தான் கதை என்று விளங்கியும் விளங்காதவர்போல யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் மற்றவர்கள்? வழக்கம்போல. எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என்னைத்தான் முதலில் சொல்கிறேன்.

ஒக்ரோபர் கடைசியில் கொழும்பிலிருந்து அறிக்கை அழகாக அச்சாகி வந்தது. நான்கே நிரல்கள். ‘காத்திருத்தல்’ இல்லை. கூடவே புதிய நேரசூசி வந்து கணினி அறைக் கதவில் ஒட்டப்பட்டது. அதுவும் பெயரில்லாமல் இலக்கங்களில்தான். பதினேழாம் இலக்கம் அதில் எங்குமே இல்லை. றுமானாவுக்கு இன்னும் ஆறு மாதம், தரவு பதிவதற்கு மட்டும், தற்காலிகமாக. புதிதாக ஓர் இலக்கம், பன்னிரண்டாம் கணினி.

அவரைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுதப்போகிறேன் என்று நான் சொன்னது அந்த வாரம்தான். பெயரைப் போடலாமா என்று கேட்டேன். “பேர் இல்லாமத்தான் ஆக்களை எழுதிப் பழக்கம் எனக்கு. என்ர பேரை நீங்கள் போடுங்கோ. ஆனால் ‘கிட்டத்தட்ட’ எண்டு மட்டும் ஒண்டும் எழுதிப்போடாதேங்கோ” என்றார்.

கடந்த செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு ஐந்து நிமிடம் முன்னால், அன்னபாக்கியம் மிஸ் இடாப்போடு வந்தார். கதவிலிருந்த தாளை வாசித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி மேலிருந்து கீழே வாசித்தார். வந்த வழியே திரும்பினார். முப்பது வருடம் நேரசூசிக்குக் கட்டுப்பட்டு நடந்த மனுஷி. அதில் இல்லாத வகுப்புக்குள் போக அவருக்குத் தெரியாது.

றுமானா உள்ளிருந்து வந்து அவர் கையைப் பிடித்தார். “இதில என்ர இலக்கம் கிடக்கு, பாருங்கோ மிஸ். பன்னிரண்டாம் கணினி, செவ்வாய், பத்து தொடக்கம் பன்னிரண்டு. என்ர தரவெல்லாம் நேற்றே பதிஞ்சு முடிச்சிட்டன். நீங்கள் வந்து இருங்கோ.”

“உங்களுக்குப் பிரச்சினை வரும் பிள்ளை.”

“வரட்டும். நான் பக்கத்திலதான் இருக்கிறன்.”

இருவரும் இருந்தார்கள். நான் நாலாம் கணினியில் இருந்தேன். பாடம் ஏற்றுவதாகப் பேர். நாலு நிமிடத்துக்கு ஒருதரம் அந்தப் பொத்தானின் சத்தம் கேட்டது. ரஜிதாவின் பொட்டு வராமல் ஒன்பது செவ்வாய்கள் போய்விட்டன. கிளிநொச்சியில் இப்போது ஆட்களே இல்லை என்று செய்தி சொல்கிறது. உடையார்கட்டு எப்படி என்று யாரும் சொல்வதில்லை. பதினொன்றானது. பதினொன்றரையானது. மிஸ் தண்ணீர்ப் போத்தலைத் திறந்தார். திரையைப் பார்த்தார். குடிக்காமலே மூடி வைத்தார்.

பன்னிரண்டு மணி. அறையைப் பூட்டுகிற நேரம். பாலன் ஒன்றிலிருந்து தொடங்கி ஒவ்வொரு கணினியாக, சுவரிலுள்ள சுவிட்சை அணைத்துக்கொண்டு வந்தார். என்னுடையதும் அணைந்தது. பதினொன்றாவதும் அணைந்தது. அன்னபாக்கியம் மிஸ் இடாப்பை மூடி, கதிரையை மெல்லப் பின்னால் தள்ளினார். பாலன் பன்னிரண்டாம் சுவிட்சுக்குக் கை நீட்டினார்.

றுமானா எழுந்து, சுவரோடு நின்று, அந்தச் சுவிட்சைத் தன் உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.